செம்புக் கம்பி கட்டிய செருப்பு

அவர் வந்தது எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் தெரியும். சில நாட்களில் அவர் போன பிறகுதான் தெரியும். நான் அவருக்கு நேர் எதிர். நான் வாயைத் திறந்தால் மூன்று கொல்லைக்குக் கேட்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அதில் பொய்யில்லை. அலுவலகத்தில் நான் போனில் பேசினால் எதிர் மேஜைக்காரர் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்.

எங்களுக்குக் குடியிருப்பு வேங்கிக்காலில். எனக்கு அங்கேயே ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. கீழ்பென்னாத்தூர் போகும் வழியில் மாமனார் விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் கொல்லையும் ஒரு கிணறும் இருக்கின்றன. சனி, ஞாயிறு என்றால் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அங்கே ஓடிவிடுவேன். ஐந்து மாமரம், இரண்டு கொய்யா, எலுமிச்சை, ஏழெட்டுத் தென்னை, வேலியோரம் மல்லிகை. பெரிய தோட்டம் ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு மரத்தோடும் நான் தனித்தனியாகச் சண்டை போட்டிருக்கிறேன்.

முதலில் சொன்னேனே, அவர் மோட்டார் மெக்கானிக். நான் அவரை முதன்முதலாகப் பார்த்தபோது பார்த்தது அவரை அல்ல, அவர் கையை. ஒரு சனிக்கிழமை காலை. மோட்டார் ஓடவில்லை என்று வீட்டுக்காரர் யாரிடமோ போனில் சொல்லியிருக்கிறார், என்னிடம் சொல்ல மறந்துவிட்டார். நான் பிளாஸ்டிக் குடத்தோடு கிணற்றோரம் போய் எட்டிப் பார்க்கிறேன், என் கால் விரலை ஒட்டி ஓர் ஈரக் கை வந்து கல்லைப் பிடிக்கிறது. நான் போட்ட கூச்சலில் குடம் கையை விட்டுப் போய், படிப்படியாக இடித்துக்கொண்டு தண்ணீரில் விழுந்தது. அந்தக் கை மறுபடி கீழே போனது. இரண்டு நிமிஷம் கழித்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஒல்லியான மனிதர் என் குடத்தை எடுத்துக்கொண்டு மேலே வந்தார்.

"ஃபுட் வால்வுல இலை அடைச்சிட்டு இருந்துச்சுங்க. எடுத்துட்டேன்" என்றார்.

"வந்தா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாங்க? என் உயிரே போயிடுச்சு!"

அவர் குடத்தை என்னிடம் நீட்டினார். "ரிப்பேரு மோட்டாருக்குத்தானேங்க" என்றார்.

குடத்தை வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு பல தடவை அவரால் திடுக்கிட்டிருக்கிறேன். ஓடாத மோட்டார் ஓடும். ஒழுகிய பைப் ஒழுகாது. உடைந்திருந்த ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடிக்குப் புதிதாய் ஒரு தாழ்ப்பாள் போட்டிருக்கும். யார் செய்தது என்று பக்கத்துக் கொல்லை கன்னியம்மாவிடம் கேட்டால், "வேற யாரு, உங்க ஊமைச்சாமிதான்" என்பாள். எங்கள் பேச்சில் எப்போதோ காதில் விழுந்த குறையை அவர் மனதில் முடிந்து வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் வரும்போது வந்து முடித்துவிட்டுப் போயிருப்பார். நல்ல மனிதர்தான். ஆனால் நல்லது செய்கிறவர் இப்படித் திருடன் மாதிரி வந்து போவானேன் என்று எனக்கு எரிச்சலாகவும் இருக்கும்.

அவர் வந்திருக்கிறார் என்பதற்கு ஒரே அடையாளம் செருப்பு. கிணற்றை நெருங்கும்போது செருப்பு போடமாட்டார். பத்தடி தள்ளி ஓரமாக, ஜோடி பிசகாமல் கழற்றி வைத்துவிட்டுத்தான் வருவார். ரப்பர் செருப்பு. வலது கால் வார் எப்போதோ அறுந்துபோய், எரிந்த மோட்டாரிலிருந்து பிரித்த செம்புக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார். வெயில் பட்டால் அந்தக் கம்பி சிவப்பாய் மின்னும். "மோட்டாருக்குச் சுத்தினது போக மீதியா?" என்று ஒருமுறை கிண்டல் செய்தேன். குனிந்து தன் காலையே பார்த்துச் சிரித்தார்.

செருப்பு ரகசியத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவர் மனைவி. ஒருநாள் அவரைத் தேடி வீட்டுக்கே போயிருந்தேன். கீழ்பென்னாத்தூரில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் சந்து. அந்தம்மா தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். நான் கேட்டதும் அவர் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தார்.

"செருப்பு இல்லீங்க. அப்ப இல்ல."

"என்னங்க இது, வீட்டுக்காரர் இருக்காரா இல்லையான்னு செருப்பைப் பார்த்தா சொல்லுவாங்க?"

"இருபத்தெட்டு வருஷமா அப்பிடித்தாங்க. செருப்பு இருந்தா சோத்த போட்டு வெப்பேன், இல்லன்னா மூடி வெப்பேன். ஒருநாளு இன்னாடி பண்றன்னு கூப்புட்டது கெடையாது. பின்னாடி வந்து நிப்பாரு. நான் திரும்பற வரிக்கும் நிப்பாரு." அந்தம்மா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னார். குறை சொல்வதுபோலவும் இல்லை, பெருமைபோலவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு ஞாயிறு விடியற்காலை கிரிவலம் போனேன். கூட்டமில்லாத நாள் என்பதால் வாய்விட்டுப் பாடிக்கொண்டே நடந்தேன். எனக்குச் சாரீரம் கிடையாது, சத்தம் மட்டும்தான். வாயு லிங்கம் வந்து டீ குடிக்க நின்று திரும்பினால், இவர் சாவிக்கொத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார். என் வீட்டுச் சாவி, பீரோ சாவி, ஸ்கூட்டி சாவி எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

"எங்க கிடைச்சுது?"

"அக்னி லிங்கத்தாண்ட வுட்டுட்டீங்க."

அக்னி லிங்கம் எங்கே, வாயு லிங்கம் எங்கே! மலையின் பாதிச் சுற்று. இந்த மனிதர் அவ்வளவு தூரமும் என் முதுகுக்குப் பின்னாலேயே சாவியைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"ஏங்க, அங்கேயே கூப்பிட்டிருந்தா நான் திரும்பியிருக்க மாட்டேனா?"

"பாடிட்டு வந்தீங்க" என்றார். "நடுவுல கூப்புட்டா நின்னுடும்."

என் பாட்டை அவ்வளவு நேரம் கேட்டுத் தாங்கிய ஒரே ஜீவன் அவர்தான். அன்று டீ வாங்கிக்கொடுத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அவருடைய குணம் முழுவதும் அந்த ஒரு பதிலில் இருந்தது. எனக்குத்தான் உறைக்கவில்லை.

அப்புறம் மழை பொய்த்தது. ஒரு வருஷம் என்று நினைத்தோம், மூன்று வருஷம் ஆகிவிட்டது. மேகம் வரும், மலை உச்சியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும், எழுந்து போய்விடும். ஏரிக்குள் வேலிக்காத்தான் முள் முளைத்து அதில் ஆடு மேய்ந்தது. தென்னை ஒவ்வொன்றாகக் கொண்டை சாய்ந்தது. கொய்யா இரண்டும் போயின. மாமரம் பூத்தது, பூவோடு கருகியது. வேங்கிக்காலில் குளித்த தண்ணீரை, துணி அலசிய தண்ணீரை, அரிசி களைந்த தண்ணீரை எல்லாம் கேனில் பிடித்து ஸ்கூட்டியில் வைத்துக் கொண்டுபோய் மல்லிகைக்கு ஊற்றினேன். சரிவர ஒரு கேன் கூட ஊற்ற முடியாத வாரங்களில் வேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். நான் சிரிப்பதை விட்டுவிட்டேன் என்று வீட்டுக்காரர் சொன்னார். கத்துவதைக்கூட விட்டுவிட்டேனாம்.

கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரும் அதன் பின்னாலேயே இறங்கும். எங்கள் பக்கத்தில் வானம் பார்த்த கிணறு வைத்திருக்கிற எல்லோரும் செய்வதுதான் இது. கிணற்றின் மேல் மூன்று சவுக்குக் கம்பத்தை முக்காலியாக நட்டு, சங்கிலிக் கப்பி கட்டி, கிணற்றுச் சுவரில் படிபோல விட்டிருக்கும் திட்டுகளில் மோட்டாரை ஒவ்வொன்றாகக் கீழே இறக்குவார்கள். மழை வந்து தண்ணீர் ஏறுவதற்கு முன்னால் மோட்டாரை மேலே ஏற்றிவிட வேண்டும், இல்லையென்றால் முழுகிச் செத்துவிடும். எங்கள் மோட்டாரை அவர்தான் முதல் வருஷம் ஒரு திட்டு, அடுத்த வருஷம் இன்னொன்று என்று இறக்கினார். மூன்றாவது வருஷம் அடித் திட்டில் கொண்டுபோய் உட்கார வைத்தார். அதற்குக் கீழே இறக்க இடமில்லை. ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் ஓடினால் அதிகம்.

என் வீட்டுக்காரர் அந்தச் சமயத்தில் ஒரு காரியம் செய்தார். மழைத் தண்ணீரைக் கிணற்றுக்குள் விட்டால் ஊற்று சீக்கிரம் ஊறும் என்று கேள்விப்பட்டு, மேட்டுப் பக்கத்துப் பள்ளத்திலிருந்து கிணறு வரைக்கும் ஒரு வாய்க்கால் வெட்டினார். பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நின்ற பிறகு திறந்துவிடுவதற்காக, வாய்க்காலின் தலைப்பில் மண்ணால் ஒரு மடை கட்டினார். வாய்க்கால் கிணற்றில் விழும் இடத்தில் கரை சரியாமலிருக்க வேண்டுமே என்று, கல் படி இருக்கும் பக்கமாகக் கொண்டுவந்து சேர்த்தார். அங்கேதான் கரைக்குக் கல் கட்டு இருந்தது.

"முதல் மழைக்கு இந்த மடையை நான்தான் வெட்டுவேன். வேற யாராவது கை வெச்சீங்க, அவ்வளவுதான்" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். அவரிடமும் சொன்னேன்.

"மோட்டார மேல ஏத்திட்டு வெட்டுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மூன்றாவது வருஷத்து வறட்சி முடிந்த ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. நான் தனியாகத்தான் கொல்லையில் இருந்தேன். வீட்டுக்காரர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். முதலில் காற்று, பிறகு மண் வாசனை, பிறகு என் கன்னத்தில் ஒரு சொட்டு. நான் நம்பவில்லை. எத்தனை தடவை ஏமாந்திருக்கிறோம்! கொட்டாய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். தகரத்தின் மேல் கொட்ட ஆரம்பித்தது. நிற்கும் நிற்கும் என்று பார்க்கிறேன், நிற்கவில்லை. ஒரு மணி நேரம், விடாமல், பக்கத்தில் இருப்பவர் பேசினாலும் கேட்காத மாதிரி அடித்துவிட்டுக் கொஞ்சம் தணிந்தது.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினேன். பள்ளம் குளமாக நின்றது. செந்நிறத் தண்ணீர், மேலே சருகு மிதக்க, மடையை முட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்ததும் எனக்குப் புத்தி போய்விட்டது. மோட்டார் என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை. ஓங்கி வெட்டினேன். நாலாவது வெட்டில் மடை உடைந்தது.

காய்ந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் போவதைப் பார்த்திருக்கிறீர்களா? சருகையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு, பாம்பு மாதிரி தலையை அங்கும் இங்கும் ஆட்டிக்கொண்டு போகும். ஐம்பத்து மூன்று வயதுப் பொம்பளை நான் அந்தத் தண்ணீரோடு கூடவே ஓடினேன். சிரித்தேன், கத்தினேன், அதை "வாடி வாடி" என்று கூப்பிட்டேன். புடவை முழங்காலுக்கு மேலே ஏறிக் கிடக்கிறது, அதைப் பற்றிக் கவலையே இல்லை.

கிணற்றுக்குப் பத்தடி இருக்கும்போது தண்ணீரின் முன்னால் ஏதோ ஒன்று மிதந்து எழும்பியது. ரப்பர் செருப்பு. எவனோ குப்பையைப் போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். பின்னாலேயே இன்னொன்று. அது ஒரு சுற்றுச் சுற்றி, அடிப்பக்கம் மேலே திரும்பி, மறுபடி புரண்டது. வாரில் சிவப்பாகச் செம்புக் கம்பி.

இரண்டு செருப்பும் என் கண்ணெதிரே கரையைத் தாண்டிக் கிணற்றுக்குள் போயின. பின்னாலேயே தண்ணீர் முழுவதும் விழுந்தது.

நான் நின்றுவிட்டேன். அந்த ஒரு நொடி எவ்வளவு நீளம் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது. பிறகு எப்படியோ போய்க் கரையில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன். அடித் திட்டில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு அவர் நிற்கிறார். பக்கத்தில் மோட்டார், அதன் மேல் சங்கிலிக் கொக்கி. ஏறி வருகிற ஒரே வழி கல் படி. நான் திறந்துவிட்ட தண்ணீர் மண்ணும் கல்லுமாக நேரே அந்தப் படியின் மேல்தான் கொட்டுகிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிர்ப்பக்கத்து மண் கரை ஒரு வண்டி அளவுக்குப் பெயர்ந்து உள்ளே விழுந்தது. கட்டில்லாத கரை, மூன்று வருஷம் காய்ந்து வெடித்தது, ஊறினால் நிற்குமா?

"ஐயோ! ஏங்க! இருக்கீங்களா?" என்று அலறினேன். அவர் நிமிர்ந்து பார்த்து ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். வாயைத் திறக்கவில்லை.

மேட்டுக்கு ஓடினேன். மடையை வெட்டுவது நாலு வெட்டு, அடைப்பது என்ன ஆகும் என்று அன்றுதான் தெரிந்தது. அள்ளிப் போடுகிற மண் அத்தனையும் கரைந்து ஓடுகிறது. மண்வெட்டியை எறிந்துவிட்டு உடைப்பில் நானே உட்கார்ந்தேன். தண்ணீர் என்னைச் சுற்றிக்கொண்டு போனது. "கன்னியம்மா!" என்று கத்தினேன். மூன்று கொல்லைக்குக் கேட்கிற குரல், மறுபடி வலுத்துவிட்ட அந்த மழையில் எனக்கே கேட்கவில்லை. திரும்பத் திரும்பக் கத்தினேன். அன்று நான் கும்பிடாத சாமி இல்லை.

கன்னியம்மா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழை பார்க்க வெளியே வந்தவள், நான் வாய்க்காலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஓடிவந்தாள்.

"இன்னாக்கா, விழுந்துட்டியா?"

"அவரு கெணத்துக்குள்ள இருக்காரு!"

"யாரு?"

"மெக்கானிக்!"

அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. "இத்த அடைக்க முடியாதுக்கா, எங்க பக்கம் வெட்டி வுட்டுடறேன், எந்திரி" என்று மண்வெட்டியை எடுத்தாள். வாய்க்காலின் பக்கக் கரையை உடைத்துத் தண்ணீரைத் தன் கொல்லைக்குத் திருப்பினாள். நாற்பது கூடை எரு அங்கே குவித்து வைத்திருந்தாள். என் கண்ணெதிரே எரு முழுவதும் கரைந்து போனது. அவள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

கிணற்றில் விழுகிற தண்ணீர் மெலிந்தது. நாங்கள் இரண்டு பேரும் கரையில் உட்கார்ந்து ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியையே பார்த்தோம். முதலில் கை வந்தது. முதல் நாள் நான் பார்த்து அலறிய அதே கை. பிறகு தலை, நெற்றியிலிருந்து ரத்தம், உடம்பு முழுக்கச் சேறு. மேலே ஏறினார். எங்களைப் பார்த்தார். போய் முக்காலிக்குப் பக்கத்தில் நின்று சங்கிலியை இழுக்க ஆரம்பித்தார். மோட்டார் கடகடவென்று மேலே வருகிறது! அதை மேல் திட்டில் உட்காரவைத்து, சங்கிலியைக் கட்டி முடிக்கும் வரைக்கும் அந்த மனிதர் திரும்பவில்லை.

"எப்ப வந்தீங்க?" என்றேன்.

"இருட்டிக்கினு வந்துச்சுல்ல, அப்பங்க. மோட்டாரு முழுகிடும்னு. போல்ட்டு துருப்புடிச்சி நேரமாயிடுச்சு."

"நான் கொட்டாயிலதானே இருந்தேன்! இறங்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சரி, இறங்கிட்டீங்க. தண்ணி வருதுன்னு தெரிஞ்சதும் ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல? நான் மேலதானே ஓடிவரேன்!"

"கேட்டுச்சுங்க."

"என்ன கேட்டுது?"

"நீங்க சிரிச்சிட்டு ஓடியாறது." நெற்றியைத் தடவி, விரலில் ரத்தத்தைப் பார்த்து, வேட்டியில் துடைத்துக்கொண்டார். "மூணு வருஷமா நீங்க சிரிச்சி கேக்கலங்க. நடுவுல கூப்புட்டா நின்னுடும். தண்ணி கம்மியாச்சுன்னா ஏறிக்கலாம்னு இருந்தேன்."

கன்னியம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு வந்தது இரக்கமா, பயமா, கோபமா என்று பிரிக்கத் தெரியவில்லை. வெளியே வந்தது கோபம்தான்.

"உங்களுக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? என் சிரிப்புக்காகச் சாவீங்களா? நான் கொலைகாரின்னு பேர் வாங்கணுமா? கேட்டுக்குங்க. இனிமே குரல் குடுக்காம என் கொல்லையில கால் வைக்கக் கூடாது. வந்தா வந்துட்டேன்னு கத்தணும், இறங்கினா இறங்கறேன்னு கத்தணும். இல்லையா, என் கொல்லைப் பக்கமே வராதீங்க!"

அவர் தலையை ஆட்டினார். வெறுங்காலோடு சேற்றில் நடந்து, புளியமரத்தடியில் நிறுத்தியிருந்த தன் மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார். அவர் முதுகு மறைகிற வரைக்கும் நான் கத்திக்கொண்டேதான் இருந்தேன்.

பத்து நாள் மழை பெய்தது. கிணற்றில் தண்ணீர் ஏறி மேல் திட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஒரு நாள் காலை செருப்பு இரண்டும் ஓரமாக மிதந்தன. எடுத்துக் கழுவிக் கொட்டாயில் வைத்தேன். செத்துவிட்டது என்று நினைத்த எலுமிச்சை அடியில் துளிர்த்திருந்தது. மல்லிகை மூச்சு முட்டப் பூத்தது. எல்லாவற்றையும் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டியதுதான், பட்டேன், ஆனால் கிணற்றுப் பக்கம் பார்வை போனால் மட்டும் நெஞ்சு திக்கென்றது.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, களை பிடுங்கிக்கொண்டிருக்கிறேன், வேலிக்கு வெளியே யாரோ கூவினார்கள். ஆட்டைத் தொலைத்தவன் கூப்பிடுவதுபோல ஒரு குரல். ஆரம்பத்தில் உயரமாக எழுந்து நடுவிலேயே உடைந்தது.

"அம்மோவ்! வந்துட்டேங்கோ!"

நிமிர்ந்தால் அவர். முகம் சிவந்திருந்தது. கத்தியதில் அவருக்கே கூச்சம். செருப்பைக் கொண்டுவந்து கொடுத்தேன். கிணற்றோரம் போய், "எறங்கறேங்கோ!" என்றார். வேலை முடிந்து, "ஏறிட்டேங்கோ!" என்றார். கன்னியம்மா அவள் கொல்லையில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி, அதே மூன்று கூவல். நான் இல்லாத நாட்களில்கூட வேலிக்கு வெளியே நின்று ஆளில்லாத கொல்லையைப் பார்த்துக் கூவிவிட்டுத்தான் உள்ளே போவார் என்று கன்னியம்மா சொன்னாள். ஒரு மனிதரைத் திருத்திவிட்டேன் என்று எனக்குப் பெருமை. அலுவலகத்தில் இதை ஒரு கதையாகவே சொல்லி வைத்திருந்தேன்.

போன வருஷம் ஒரு வியாழக்கிழமை, அலுவலகத்தில் இருக்கும்போது கன்னியம்மா போன் செய்தாள். எங்கள் கொல்லைக்கு இரண்டு ஊர் தள்ளி ஒரு கிணறு. நிலத்துக்காரர் வேலூரில் இருக்கிறார். போனிலேயே மோட்டாரைப் போடுகிற ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறார். பைப் இணைப்பில் ஒழுகுகிறது என்று அந்த நிலத்துக்காரர் எப்போதோ சொன்னதை வைத்து, நம் மெக்கானிக் அன்றைக்குப் போயிருக்கிறார். மின்சார லைனில் வேலை, சாயந்திரம் வரை கரண்ட் வராது என்று ஊருக்கே தெரியும். சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்துவிட்டது. கரண்ட் வந்த செய்தி போனுக்குப் போனதும், வேலூரிலிருந்தே நிலத்துக்காரர் பட்டனை அழுத்தியிருக்கிறார். கழற்றி வைத்திருந்த பைப் தண்ணீரின் வேகத்தில் உதறியதில் இவர் திட்டிலிருந்து கீழே பாறையில் விழுந்திருக்கிறார். சாயந்திரம் ஆடு ஓட்டிக்கொண்டு போனவர் வரப்பில் ஒரு ஜோடி செருப்பு இருப்பதைப் பார்த்து எட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்திருக்கிறது.

அந்த நிலத்துக்காரர் சாவு வீட்டில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "வந்திருக்காருன்னு ஒரு வார்த்த தெரிஞ்சிருந்தா..." என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க என்னால் முடியவில்லை. என் கொல்லையில் குரல் கொடுங்கள் என்றுதான் நான் சொன்னேன். மற்ற இடத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு என் கிணற்றில் சாவு விழக் கூடாது, அவ்வளவுதான் அன்றைக்கு என் கவலை. அவரும் நான் சொன்னதை அப்படியே கேட்டுக்கொண்டார்.

வாசலில் அந்தச் செருப்பைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள், ஜோடி பிசகாமல். தையல் மெஷினை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். அந்தம்மா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அழுது முடித்த முகம். மெதுவாகக் கேட்டார்.

"உங்க கொல்லைக்கு வந்தா மட்டும் குரல் வுட்டு கூப்புடுவாராமே. கன்னியம்மா சொல்லிச்சு. நெசங்களா?"

"நிஜம்தாங்க" என்றேன்.

"இத்தினி வருஷத்துல நான் ஒருநாளு கேட்டதில்லீங்க." அந்தம்மா வாசலில் இருந்த செருப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எப்பிடிங்க கூப்புடுவாரு? ஒரே ஒரு தபா கூப்புட்டுக் காட்டுங்களேன்."

அந்தக் கூவல் என் காதில் அப்படியே இருந்தது. எங்கே எழும், எங்கே உடையும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். அந்தம்மா கேட்பதற்காக என் பக்கம் சாய்ந்து காத்திருந்தார். எனக்குக் குரல் வரவில்லை.